உஷார்! திரும்பும்போது சத்தம் போடும் வண்டியோடு மெட்டு ஏறாதீர்கள்

போடியிலிருந்து மூணாறுக்கோ, பூப்பாறைக்கோ, ஏலத்தோட்டத்துக்கோ வண்டி எடுக்கும் ஒவ்வொருவரும் அடிவாரத்து முந்தல் தாண்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது முன்பக்கத்தில் ‘டக் டக் டக்’ என்று கேட்கிறதா? வளைவில் ‘டங்’ என்று ஒரே ஒரு அடி விழுகிறதா? நேராகப் போகும்போது காணாமல் போகிறதா? அப்படியானால் உங்கள் வண்டி இன்று மலை ஏறக் கூடாது. பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

‘நேரா போறப்ப நல்லாத்தானே இருக்கு, போய்ட்டு வந்து பாத்துக்கலாம்’ என்பதுதான் இதில் மிக ஆபத்தான பேச்சு. தேனியிலிருந்து போடி வரை வரும் சாலையில் ஸ்டீயரிங்குக்குப் பெரிய வேலை கிடையாது. சமதளத்தில் வாரக்கணக்கில் ஓடினாலும் வெளியே தெரியாத பழுது, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் தன்னைக் காட்டிவிடும். அங்கே ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வண்டியை ஒதுக்கக்கூட எல்லா இடத்திலும் வசதி இருக்காது.

மலை ஏன் பழுதைப் பெரிதாக்குகிறது

கொண்டை ஊசி வளைவில் மூன்று சுமைகள் ஒரே நொடியில் முன்சக்கரத்தின் மேல் விழுகின்றன. ஸ்டீயரிங் கிட்டத்தட்ட முழுக்க ஒடிந்திருக்கும். ஏறும்போது முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ எஞ்சினின் முழு இழுப்பும் சக்கரத்துக்குப் போகும். ஆட்களும் சாமானும் சேர்ந்த பாரம் வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தில் இறங்கும். இறங்கும்போது இழுப்புக்குப் பதில் பிரேக். முழு வண்டியும் முன்பக்கம் சாய்ந்து, வெளிப்பக்க முன்சக்கரத்தை அழுத்தும். ஊருக்குள் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம்.

‘மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது’ என்ற நம்பிக்கை இங்கே உதவாது. கொண்டை ஊசி வளைவில் எல்லோருமே மெதுவாகத்தான் போகிறார்கள். தேய்ந்த மூட்டை உடைப்பது வேகம் மட்டுமல்ல. சக்கரம் ஒடிந்திருக்கும் கோணமும் அதன் மேல் ஏறும் பாரமும் போதும்.

2022 டிசம்பர் 23 அன்று இரவு, சபரிமலை போய்விட்டு ஆண்டிபட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஐயப்ப பக்தர்களின் கார் குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த விபத்தை வண்டிச் சத்தத்தோடு நான் முடிச்சுப் போடவில்லை. மலைச்சாலையில் ஒரு நொடி கட்டுப்பாடு போனால் என்ன விலை என்பதை நம் மாவட்டம் அறியும், அதற்காகத்தான் சொல்கிறேன். அந்த ஒரு நொடி வருவதற்கு முன் வண்டி நமக்குக் குரல் கொடுக்குமானால், அதைக் கேட்காமல் விடலாமா?

உடனே நிறுத்த வேண்டிய நான்கு சத்தங்கள்

வண்டி திரும்பும்போது வரும் எல்லாச் சத்தமும் ஒரே நோய் அல்ல. சில சத்தங்களோடு பட்டறை வரை போகலாம். கீழே உள்ள நான்கில் எது கேட்டாலும் மலைப் பயணம் அன்றைக்கு ரத்து.

முதலாவது, வீல் நட் தளர்ந்த சத்தம். திரும்பும்போது ‘கடக் கடக்’ என்று வரும், பிறகு ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம். பஞ்சர் ஒட்டிய பிறகோ டயர் மாற்றிய பிறகோ இது வந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். நிறுத்தி, வீல் ஸ்பேனரை எடுத்து நான்கு சக்கரத்திலும் எல்லா நட்டையும் இறுக்கிப் பாருங்கள். ஒரு நட் தளர்ந்திருந்தால் மற்ற நட்டுகளும் போல்ட்டுகளும் அதன் பாரத்தையும் சுமந்து வேகமாகக் கெடும். நட் உட்காரும் துளை நீண்டு போயிருந்தாலோ மரை தேய்ந்திருந்தாலோ, இறுக்கினாலும் அந்தச் சக்கரத்தை நம்பக் கூடாது.

இரண்டாவது, பால் ஜாயின்ட். நம் தோள்பட்டையில் கிண்ணத்துக்குள் எலும்பு உருள்வதுபோல, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் நுனியில் ஒரு குண்டு கிண்ணத்துக்குள் உருண்டு சக்கரத்தைத் திரும்ப விடுகிறது. அது தேய்ந்தால் வளைவிலும் வேகத்தடையிலும் ‘டங்’ அல்லது ‘டொக்’ என்று அடிக்கும். சில வண்டிகளில் துருப்பிடித்த கதவு போல ‘கிறீச்’ என்று முனகும். முழுக்கத் தேய்ந்து குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் அந்தச் சக்கரம் மடிந்து வண்டி அந்தப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி கேட்காது.

மூன்றாவது, டை ராட் எண்ட். ஸ்டீயரிங்கின் கட்டளையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் நுனி மூட்டு இது. சிறு ‘டிக் டிக்’ சத்தத்தோடு, ஸ்டீயரிங்கை லேசாக அசைத்தால் சக்கரம் உடனே அசையாமல் ஒரு ஆட்டம் தெரியும். நேர்ச்சாலையில் வண்டி அலையும். இந்த மூட்டு கழன்றால் ஒரு சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்கும், இன்னொன்று கேட்காது.

நான்காவது, முற்றிப்போன வீல் பேரிங். வேகத்தோடு கூடும் ‘ஊ…ம்’ என்ற இரைச்சல் இதன் அடையாளம். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது இரைச்சல் கூடினால் இடப்பக்கப் பேரிங்கைச் சந்தேகியுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்கம். வெறும் இரைச்சல் இருக்கும் கட்டத்திலேயே மாற்றிவிட வேண்டும். அது அரைக்கும் சத்தமாக மாறி, சக்கரத்தில் ஆட்டமும் தெரிந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

‘டக் டக் டக்’ என்றால் என்ன

மலைப்பாதை வண்டிகளில் வளைவுச் சத்தம் என்றதும் முதலில் நினைக்க வேண்டியது ஆக்சிலின் நுனியில் இருக்கும் சி.வி. ஜாயின்ட். இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இழுவைதான். சக்கரம் ஒடிந்திருக்கும்போதும் எஞ்சினின் சக்தியைத் தடங்கல் இல்லாமல் கடத்துவது இந்த ஜாயின்டின் வேலை. உள்ளே எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளும். கிரீஸ் வெளியே போகாமல், மண் உள்ளே வராமல் காப்பது ஒரு பூட் ரப்பர்.

அந்த ரப்பர்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். கல்லோ வேரோ கிழித்தாலும், வயதாகி வெடித்தாலும், சக்கரம் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே சிதறும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தோட்டப் பாதையின் சேறும் மணலும் உள்ளே போகும். குண்டுகளும் பள்ளங்களும் ஒன்றையொன்று அரைக்கும். அதன் பிறகுதான் நமக்கு ‘டக் டக்’ கேட்கிறது. சத்தம் கேட்கும்போது நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். புதிதாகக் கிரீஸ் அடைத்துப் புது ரப்பர் மாட்டினாலும் தேய்ந்த இரும்பு திரும்ப வளராது.

அடையாளம் தெளிவானது. ஸ்டீயரிங்கை ஒடித்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் வரும். காலை எடுத்தால் குறையும். சக்கரம் வேகமானால் ‘டக் டக்’கும் வேகமாகும். இடப்பக்கம் திரும்பும்போது பலமாகக் கேட்டால் பெரும்பாலும் வலப்பக்க ஜாயின்ட், வலப்பக்கம் என்றால் இடது. சக்கரத்தின் உட்புறத்திலும் பக்கத்திலுள்ள இரும்பிலும் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்த ஜாயின்ட் உடைந்தால் எஞ்சின் ஓடும், கியர் விழும், வண்டி மட்டும் நகராது. ஏற்றமான வளைவில், பின்னால் லாரி நிற்கும்போது, வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சத்தம் எதுவும் வராத நாளிலேயே பூட் ரப்பரை மாற்றிவிட்டால் வேலை சின்னது. விட்டுவிட்டால் ஷாஃப்டையே மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு சர்வீஸிலும் ‘ரப்பரைப் பாருங்க’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

சற்றுப் பொறுக்கும் சத்தங்கள், ஆனால் மறக்கக் கூடாதவை

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்திருக்கும்போது மட்டும் வரும் ‘உய்ய்’ சத்தம், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் எண்ணெய் குறைந்ததையோ பெல்ட் தளர்ந்ததையோ சொல்லும். எண்ணெய் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் மலை ஏறாதீர்கள். வழியில் எண்ணெய் தீர்ந்தால் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். நல்ல வண்டியிலும் ஸ்டீயரிங்கை முழு ஒடிப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டாம், பம்ப் சூடேறும்.

நிற்கும் வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்டின் பேரிங் இறுகியிருக்கலாம். மேடு பள்ளத்தில் மட்டும் ‘லொட லொட’ என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது புஷ். ‘சர்ர்’ என்று உரசினால், முழுக்க ஒடித்த டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் இழைகிறதா பாருங்கள். அளவுக்கு மீறிய பெரிய டயர் போட்ட வண்டிகளில் பாரம் ஏறியதும் இது தொடங்கும். டயரின் பக்கச்சுவரைத் தேய்த்து மெலிய வைத்துவிடும். பிரேக் டிஸ்க்குக்கும் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே சின்னக் கல் மாட்டினாலும் வளைவில் கீறும். பிரேக்கை மிதிக்கும்போது சத்தம் மாறினால், பிரேக் பேடைப் பார்க்காமல் மெட்டிலிருந்து இறங்கவே கூடாது.

ஜீப் ஓட்டும் தம்பிகளுக்கு

விடியுமுன்னே போடியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் ஆயிரக்கணக்கான பெண்கள் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போகிறார்கள். அவர்கள் உயிரைச் சுமக்கும் வண்டிகளுக்குச் சில தனிச் சத்தங்கள் உண்டு.

தோட்டப் பாதையில் போட்ட ஃபோர் வீலை எடுக்காமல் தார்ச்சாலைக்கு வந்துவிட்டால், வளைவில் வண்டி யாரோ பிடித்து இழுப்பதுபோல இறுகும், ‘கட கட’ என்று அதிரும். வளையும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத ஜீப்பில் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருப்பதால் அந்த வித்தியாசத்துக்கு வழியில்லை. சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தாரில் அந்த முறுக்கம் கியரிலும் ஷாஃப்டிலும் ஏறும். தார் ஏறியதும் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் சத்தம் இருந்தால் ஷாஃப்டின் மூட்டான யு.ஜே. கிராஸைப் பாருங்கள்.

பின்னால் ஸ்பிரிங் பட்டையில் ‘டக்’ என்று முறிந்த சத்தம் கேட்டால், அல்லது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால், மெயின் பட்டை உடைந்திருக்கலாம். பட்டை உடைந்தால் ஆக்சில் இடம் மாறும், வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். இருக்கைக் கணக்கை மீறிப் பின்னால் ஆள் ஏற்றினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஸ்டீயரிங் லேசாகி, முன் டயரின் பிடி குறையும். பழுதும் பாரமும் சேர்ந்தால் தப்ப வழியே இராது.

வண்டியில் இருக்கும் அக்காமார்களே, சத்தத்தை முதலில் கேட்பது பல நேரம் நீங்கள்தான். ‘தம்பி, திரும்பும்போதெல்லாம் அடியில என்னமோ டக்கு டக்குன்னு கேக்குது, ஓரமா நிறுத்திப் பாருப்பா’ என்று சொல்லத் தயங்காதீர்கள். வேலைக்கு நேரமானால் அரை நாள் கூலிதான் போகும். கங்காணிமார்களே, தோட்டக்காரர்களே, அந்தக் கூலியை நீங்கள் பிடிக்காமல் இருந்தால், அவர்கள் வாயைத் திறக்கவைத்த புண்ணியம் உங்களுக்கு.

மலை ஏறும் முன் பத்து நிமிடம்

ஆளில்லாத சமமான இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். பாட்டையும் ஏ.சி.யையும் நிறுத்தி, நான்கு கண்ணாடியையும் இறக்குங்கள். ஒருவர் தள்ளி நின்று காது கொடுக்கட்டும்.

ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்து, மெல்ல ஆக்ஸிலேட்டர் கொடுத்து இரண்டு வட்டம் போடுங்கள். பிறகு வலப்பக்கம். பிறகு ரிவர்ஸிலும் அப்படியே. அடுத்து, ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்து உருள விட்டுக் கேளுங்கள், பிரேக்கை லேசாகத் தொட்டும் கேளுங்கள். நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்புங்கள். கடைசியாக வீல் நட், டயரின் உள்பக்கச் சுவர், பூட் ரப்பர் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்க்கும் வேலை ஸ்டாண்ட் உள்ள பட்டறையில் நடக்கட்டும்.

மெக்கானிக்கிடம் ‘ஏதோ சத்தம் வருது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பக்கம் திரும்பும்போது, ஏறும்போதா இறங்கும்போதா, மிதித்தாலா விட்டாலா, பிரேக் பிடித்தாலா, வண்டியில் எத்தனை பேர் இருக்கும்போது என்று சொல்லுங்கள். பாதி நோய் அதிலேயே பிடிபடும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். டை ராடோ லோயர் ஆர்மோ மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

வளைவிலேயே சத்தம் கேட்டுவிட்டால்

பதறி பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். வளைவின் மூலையிலும் நிற்க வேண்டாம். ஸ்டீயரிங் இன்னும் கேட்கிறது என்றால் வளைவைக் கடந்து, பின்னால் வருபவருக்குத் தூரத்திலேயே தெரியும் நேரான இடத்தில் இடப்பக்கம் ஒதுங்குங்கள். ஸ்டீயரிங் இழுத்தாலோ சக்கரம் ஆடினாலோ அங்கேயே நிறுத்துங்கள். நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டி ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர் போடுங்கள். வண்டி உருளக்கூடிய பக்கம் சக்கரத்துக்குப் பெரிய கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லைச் சாலையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அடுத்து வரும் இருசக்கர வண்டிக்காரர் அதில் விழுவார். எல்லோரும் இறங்கி, பள்ளத்துப் பக்கம் போகாமல் வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். மழைக்காலத்தில் மண் சரியும் பாறைக்கு அடியிலும் நிற்க வேண்டாம்.

‘நியூட்ரல்ல விட்டு உருட்டிக்கிட்டே முந்தல் போயிடலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உருளும்போது எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் போகும். சில மிதிகளில் பிரேக்குக்கான துணைவிசையும் தீரும். சாவியை முழுக்கத் திருப்பி எடுத்தால் பல வண்டிகளில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் மீட்பு வண்டி வரும்வரை காத்திருங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

வழக்கம் மாற வேண்டும்

போடிமெட்டிலிருந்து மூணாறு வரை சாலை அகலமாகிவிட்டது. 2023 ஜூன் முதல் போடிக்கு மறுபடி ரயில் ஓடுகிறது. மலைக்கு வருபவர்கள் கூடுகிறார்கள். வாடகை வண்டி எடுப்பவர்கள் விலையை மட்டும் பேசுகிறார்கள். இனி ‘முதலில் இந்த இடத்தில் ரெண்டு வட்டம் போடுங்கண்ணே’ என்றும் கேளுங்கள். நல்ல டிரைவர் கோபப்பட மாட்டார்.

சட்டமும் இதையே சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 190-ஆவது பிரிவின்படி, பிறருக்கு ஆபத்தான குறையோடு வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவது குற்றம். ஓட்ட விட்ட உரிமையாளரும் அதில் அடக்கம். குறை தெரிந்திருந்தால்தான் என்றில்லை, சாதாரணக் கவனம் வைத்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் பொறுப்பு உண்டு. வளைவுக்கு வளைவு ‘டக் டக்’ என்று கேட்டும் ஓட்டியவர் ‘எனக்குத் தெரியாது’ என்று எப்படிச் சொல்வார்?

வண்டி வைத்திருப்பவர்கள் இன்று மாலையே இரண்டு வட்டம் போட்டுப் பாருங்கள். சத்தம் கேட்டால் நாளைய பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், வேறு வண்டி பிடியுங்கள், தோட்டத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். பழுது தீர்ந்து, பட்டறைக்காரர் உங்களையும் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் ஒடித்து ஓட்டிக் காட்டிய பிறகு மெட்டு ஏறுங்கள்.